ஆறு நாற்றுகள்: ஒரு மரபுத் தக்காளி விதை கலந்தது எப்படி?

“அப்பா, இந்த மூணு மட்டும் ஏன் வேற மாதிரி இருக்கு?”

மகள் கேட்டபோது விதைத்து 27 நாள் ஆகியிருந்தது. குழித்தட்டில் 17 நாற்றுகள். பதினேழும் ஒரே பழத்தின் விதை. பழத்தைப் பறித்தது, விதையைக் கழுவியது, காயவைத்து உறையில் போட்டது எல்லாமே நான்தான். பதினான்கு நாற்றுகளின் இலை அகலமாக, ஓரத்தில் வெட்டே இல்லாமல், உருளைக்கிழங்குச் செடியின் இலையைப் போல இருந்தது. மூன்றின் இலை ஓரத்தில் மட்டும் ரம்பப் பல் போல வெட்டுகள்.

தக்காளி வளர்த்தவர்களுக்கு ரம்பப் பல் இலைதான் பழக்கமானது. வேறு யாராவது அந்தத் தட்டைப் பார்த்திருந்தால் மூன்றுதான் சரியான தக்காளி, மற்றதெல்லாம் ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பார்கள். ஆனால் நான் விதைத்தது பிராண்டிவைன். உருளை இலைதான் அந்த ரகத்தின் முகம். அதில் ரம்பப் பல் தெரிகிறது என்றால், விதைக்குள் வேறொரு செடி வந்து சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

கையில் இருந்த நாற்றைவிட, கையைவிட்டுப் போன விதைதான் என்னை அதிகம் உறுத்தியது. அதே பழத்தின் விதையை இரண்டு பேருக்குக் கொடுத்திருந்தேன், உறையின் மேல் தெளிவாகப் பெயர் எழுதி. அதனால்தான் இரண்டு பருவத்துக் குறிப்பேட்டையும் பின்னோக்கிப் புரட்டி, எந்த இடத்தில் தவறினேன் என்று தேடினேன். அந்தத் தேடலை இங்கே அப்படியே எழுதுகிறேன்.

முதல் பருவம்

மரபு ரகம் என்றால் என்ன என்பதில் ஆளுக்கொரு அளவுகோல் உண்டு. ஐம்பது ஆண்டுகளாவது கைமாறி வந்திருக்க வேண்டும் என்பார்கள் சிலர்; ஒரு குடும்பம் தலைமுறையாகக் காத்து வந்ததாக இருக்க வேண்டும் என்பார்கள் வேறு சிலர். எல்லோரும் ஒப்புக்கொள்வது ஒன்றுதான்: விதையை எடுத்து விதைத்தால் தாயைப் போலவே பிள்ளை வர வேண்டும். வீரிய ஒட்டு ரகத்தில் அது நடக்காது. இரண்டு வெவ்வேறு பெற்றோரைக் கலந்து கிடைத்த முதல் தலைமுறை அது. அதன் விதையை விதைத்தால் பண்புகள் பிரிந்து சிதறும். மரபு ரகத்தின் மதிப்பே அந்தச் சிதறாத தன்மையில்தான் இருக்கிறது.

மூன்று ரகங்களை எடுத்துக்கொண்டேன். முதலாவது ரோஜா நிறத்தில் பழுக்கும் பிராண்டிவைன். ஒஹாயோவில் விதை வளர்த்த பென் குயிசன்பெரி என்ற முதியவரிடமிருந்து 1982இல் மரபு விதைகளைக் காத்துப் பகிரும் சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச் என்ற அமெரிக்க அமைப்புக்கு வந்து, அங்கிருந்து உலகெங்கும் பரவிய ரகம். இரண்டாவது செரோக்கீ பர்ப்பிள். 1990இல் டென்னசியிலிருந்து ஒரு கடித உறைக்குள் கிரெய்க் லெஹூலியர் என்ற அமெரிக்கத் தக்காளி ஆர்வலருக்கு வந்து சேர்ந்த, அப்போது பெயரே இல்லாத விதை. அவர் வளர்த்துப் பார்த்து வைத்த பெயர்தான் இது. மூன்றாவது யெல்லோ பியர், பேரிக்காய் வடிவில் கட்டைவிரல் அளவே காய்க்கும் மஞ்சள் தக்காளி. மூன்றும் வளர்ந்துகொண்டே போகும் படரும் ரகங்கள். ரகத்துக்கு 8 வீதம் 24 விதை விதைத்தேன்.

கரி நிறத்திலும் ரோஜா நிறத்திலும் ஒவ்வொரு பழம் வேண்டும், நடுவில் சிறிய மஞ்சள் பழங்கள் சிதறித் தொங்க வேண்டும் என்று கண்ணுக்கு அழகாக இருக்கும்படி தேர்ந்தெடுத்தேன். விதை எடுக்கப்போகிறவன் எதை எதன் அருகில் நட வேண்டும் என்ற யோசனை அப்போது வரவில்லை.

விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டேன். தக்காளி விதை முளைக்க 25 முதல் 29 டிகிரி செல்சியஸ் வெப்பம் போதும், வெளிச்சம் தேவையில்லை. ஒரு தட்டை அடியில் வெப்பம் தரும் விரிப்பின் மேல் வைத்தேன், அதில் ஐந்தாம் நாள் தலை தெரிந்தது. விரிப்பில் இடம் போதாமல் சன்னலோரம் வைத்த தட்டில், 18 டிகிரி குளிரில், பன்னிரண்டாம் நாள்தான் முளைத்தது. விதை ஒன்றுதான், கலவை ஒன்றுதான். வெப்பம் மட்டும் வேறு. முளைக்கவில்லை என்று ஏழாம் நாள் கிளறிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

முளைத்த 21இல் 4 நாற்றுகள் பதினான்காம் நாளையொட்டிச் சாய்ந்தன. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூல் கட்டி இறுக்கினாற்போல இளைத்து, ஒரே இரவில் படுத்துவிட்டன. நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற பூஞ்சை வகை நுண்ணுயிர்கள் செய்யும் வேலை. ஈரம் ஓயாமல் நின்றால் அவற்றுக்குக் கொண்டாட்டம். முளைக்கும்வரை போட்டிருந்த ஒளிபுகும் மூடியை, முளைத்த பிறகும் நான் எடுக்கவில்லை. மூடியை எடுத்து, தட்டின் அடியிலிருந்து நீர் உறிஞ்சும்படி மாற்றி, சிறிய மின்விசிறியை மெல்ல ஓடவிட்ட பிறகு ஒன்றுகூடச் சாகவில்லை.

மீதி நாற்று வளர்ப்பில் சொல்லும்படியான சிக்கல் இல்லை. இரண்டு வாரம் சரியான வெளிச்சம் கிடைக்காமல் நெடுநெடுவென்று போனவற்றை வேறு தொட்டிக்கு மாற்றும்போது வித்திலைவரை புதைத்தேன். புதைந்த தண்டிலிருந்தே வேர்விடும் குணம் தக்காளிக்கு உண்டு. ஒரு வாரத்துக்கு மேல் சிறிது சிறிதாக வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்கி, 52ஆம் நாள் நட்டேன். பிராண்டிவைன் இரண்டு, செரோக்கீ பர்ப்பிள் இரண்டு, யெல்லோ பியர் ஒன்று. ஐந்தும் ஒரே கொடிப்பந்தலில், செடிக்குச் செடி 60 சென்டிமீட்டர். பிராண்டிவைனும் செரோக்கீ பர்ப்பிளும் மாறி மாறி நின்றன.

நட்ட 14ஆம் நாள் பிராண்டிவைனின் முதல் பூங்கொத்தில் முதல் பூ விரிந்தது. குறிப்பேட்டில் அன்று நான் எழுதிய வரி: “சாமந்தி அளவுக்கு ஒரு தக்காளிப் பூ!” படமும் எடுத்து ஒட்டியிருக்கிறேன். அந்தப் படத்துக்குப் பிறகு வருகிறேன்.

பிறகு வெயில் ஏறியது. பகலில் 35 டிகிரி தாண்டி, இரவிலும் 24க்குக் கீழே இறங்காத நாட்கள் மூன்று வாரம் தொடர்ந்தன. பூக்கள் காம்போடு மஞ்சளாகி உதிர்ந்தன. தக்காளியின் மகரந்தம் வெப்பத்துக்கு எளிதில் இடம் கொடுத்துவிடும். அதிலும் பூ விரியும் நாளைவிட, விரிவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பு மொட்டுக்குள் மகரந்தம் உருவாகும் நாட்களே அதிகம் பாதிக்கப்படும். அதனால் வெயில் தணிந்து பத்து நாள் கழித்துத்தான் காய் பிடித்தது. அந்த இடைவெளியில் உரம் போட்டுப் போட்டுச் செடியைக் கொழுக்க வைத்தேன். அதற்கு எந்தப் பயனும் இல்லை. யெல்லோ பியர் மட்டும் வெயிலைப் பொருட்படுத்தாமல் காய்த்துக்கொண்டே இருந்தது.

செரோக்கீ பர்ப்பிளின் முதல் காய்களில் அடிப்பக்கம் தோல்போலக் கறுத்து அமுங்கியது. சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததால் வரும் அழுகல் அது. பெரும்பாலும் மண்ணில் அந்தச் சத்து இருக்கும். அதைக் காய்வரை சுமந்து செல்லும் நீர்தான் சீராக இருக்காது. முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டுப் பார்த்தேன். ஓடு மட்கிக் கரைவதற்குள் பருவமே முடிந்துவிடும். வைக்கோல் மூடாக்கு நான்கு விரல் கனத்துக்குப் போட்டு, ஒருநாள் வெள்ளமும் மூன்றுநாள் வறட்சியுமாக இருந்த நீர்ப் பாய்ச்சலைச் சீராக்கிய பிறகு வந்த காய்களில் அந்தக் கறுப்பு இல்லை.

விதைக்கு எடுத்த பழம்

பருவத்தின் நடுவில் விதைக்கு இரண்டு பழங்களை ஒதுக்கினேன். ஒன்று, அந்தச் சாமந்திப் பூவில் வந்தது. விரிந்த 62ஆம் நாள் பறித்தேன். எடை 640 கிராம். மேல்பக்கம் தழும்பும் மடிப்புமாக, இரண்டு மூன்று பழங்களை ஒட்டவைத்ததுபோல இருந்தது. பருவத்தின் மிகப் பெரிய பழம் அதுதான். ‘பெரிய பழத்தின் விதை பெரிய பழம் தரும்’ என்ற எண்ணத்தில்தான் அதை ஒதுக்கினேன். இன்னொன்று மூன்றாம் பூங்கொத்தில் வந்த 280 கிராம் பழம். தழும்பில்லாமல் உருண்டையாக இருந்தது. முதல் பழத்தின் விதை போதாமல் போனால் இருக்கட்டும் என்று எடுத்தது.

விதையை எடுத்த முறையில் குறையில்லை என்றே இன்றும் நம்புகிறேன். விதையைச் சுற்றிய வழவழப்பான சதையோடு தனித்தனிக் கிண்ணத்தில் வழித்துப் போட்டு, சிறிது நீர் சேர்த்து மூன்று நாள் புளிக்க வைத்தேன். பழத்துக்குள்ளேயே விதை முளைத்துவிடாமல் தடுக்கும் பொருள் அந்த வழவழப்பில் இருக்கிறது. புளித்தால் அது கரைந்துபோகும். நல்ல விதை அடியில் தங்க, பதர் மிதந்தது. அலசி, பீங்கான் தட்டில் பரப்பி நிழலில் காயவைத்தேன். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொண்டு வராது. காய்ந்தபின் இரண்டு உறை, இரண்டு எண். உறையில் ரகத்தின் பெயரோடு எந்தப் பூங்கொத்து, என்ன எடை, எந்த நாள் என்றும் எழுதினேன். இந்த வழக்கை முடித்துவைத்தது அந்த எண்கள்தான்.

எந்தெந்தக் காரணம் இல்லை

மூன்று நாற்றில் ரம்பப் பல்லைப் பார்த்ததும் அவசரப்படாமல் ஒரு வாரம் காத்திருந்தேன். உருளை இலை ரகத்திலும் முதல் ஒன்றிரண்டு இலைகளை வைத்து முடிவுகட்ட முடியாது. மூன்றாம் நான்காம் இலையில்தான் உருவம் தெளியும். தெளிந்தது. மூன்றும் ரம்பப் பல்தான். அதே முதல் உறையிலிருந்து இன்னும் 20 விதையும், இரண்டாம் உறையிலிருந்து 20 விதையும் போட்டேன். முதல் உறையில் 18 முளைத்து, அதில் 3 ரம்பப் பல். இரண்டாம் உறையில் 19 முளைத்து, பத்தொன்பதும் உருளை இலை.

ஆக, பெரிய பழத்தின் 35 நாற்றில் 6 மாறியவை. சிறிய பழத்தில் ஒன்றுமில்லை.

முதலில் என் மீதே சந்தேகப்பட்டேன்: கழுவும்போது செரோக்கீ பர்ப்பிள் விதை கலந்துவிட்டதா? கலந்திருந்தால் அந்த ஆறும் முழுச் செரோக்கீ பர்ப்பிளாகவே இருக்கும், கருஞ்சிவப்பாகக் காய்க்கும். அதை நிரூபிக்கப் பழம் வரும்வரை பொறுக்க வேண்டும். ஆறில் இரண்டை அதற்காகவே ஓர் ஓரத்தில் நட்டேன்.

வாங்கிய விதையே தூய்மையில்லாததா என்றும் யோசித்தேன். இங்கே இலைதான் துணைக்கு வந்தது. உருளை இலை ஓர் ஒடுங்கு பண்பு. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பக்கமும் உருளை இலைக்கான மரபணு வந்தால்தான் அது வெளியே தெரியும். ஒரு பக்கம் ரம்பப் பல்லுக்கானது வந்தாலும் இலை ரம்பப் பல்லாகிவிடும். என் தாய்ச் செடி உருளை இலை. அதனிடம் கொடுப்பதற்கு வேறெதுவும் இல்லை. அப்படியானால் ரம்பப் பல் தந்தை வழியில்தான், மகரந்தத்தில்தான் வந்திருக்க வேண்டும். விதை விற்றவர்மேல் குற்றமில்லை. என் பந்தலில், என் கண்முன் நடந்தது அது.

மட்கு உரத்தில் கிடந்த பழைய விதை முளைத்திருக்கலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். குழித்தட்டில் போட்டது புதிய நார்த்தூள் கலவை, குழிக்கு ஒரே விதை. அதற்கும் இடமில்லை.

அந்தப் பூ

தக்காளிப் பூ தன்னைத்தானே கருவுறச் செய்துகொள்ளும். பக்கத்தில் வேறு ரகம் இருந்தாலும் கலக்காது. இப்படித்தான் நானும் படித்திருந்தேன், நம்பியும் இருந்தேன். பெரும்பாலும் உண்மைதான். மகரந்தப்பைகள் ஒட்டிச் சேர்ந்து ஒரு கூம்பாக நிற்கும். சூல்தண்டும் அதன் நுனியில் உள்ள சூல்முடியும் கூம்புக்குள்ளே ஒளிந்திருக்கும். காற்று அசைத்தாலே உள்ளே மகரந்தம் உதிர்ந்து வேலை முடிந்துவிடும். தக்காளியின் காட்டு உறவுகள் பலவற்றில் இப்படி இல்லை. சூல்முடி கூம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு, பூச்சி கொண்டுவரும் அயல் மகரந்தத்துக்காகக் காத்திருக்கும். மனிதர் கையில் வளர வளரச் சூல்தண்டு குட்டையாகி உள்ளே போய்விட்டது. இந்த மாற்றத்தின் பின்னால் உள்ள மரபணுவை 2007இல் கண்டறிந்து, ஸ்டைல்2.1 என்று பெயரிட்டார்கள்.

ஆனால் எல்லா ரகத்திலும் சூல்தண்டு முழுமையாக உள்ளே போய்விடவில்லை. பெரிய பழம் தரும் பழைய ரகங்களில், குறிப்பாக உருளை இலை ரகங்களில், சூல்முடி கூம்பின் வாயை எட்டிப் பார்ப்பதுண்டு. ஒட்டுப் பூக்களில் நிலை இன்னும் மோசம். மொட்டு உருவாகும் நாட்களில் குளிராக இருந்தால், பருவத்தின் முதல் பூக்களில் இரண்டு மூன்று பூ சேர்ந்து ஒன்றாக வளர்ந்துவிடும். அதில் இதழ்கள் கூடுதலாக இருக்கும். சூல்தண்டு பட்டையாகவோ பலவாகவோ இருக்கும். அதைச் சுற்றிக் கூம்பு மூடவே மூடாது.

குறிப்பேட்டில் ஒட்டியிருந்த படத்தை இந்த அறிவோடு பார்த்தபோது நெஞ்சு கனத்தது. பன்னிரண்டுக்கு மேல் இதழ்கள். நடுவில் பச்சை நிறப் பட்டையாகச் சூல்தண்டு, மகரந்தப்பைகளுக்கு வெளியே திறந்து கிடக்கிறது. அதே படத்தின் ஓரத்தில், ஒரு கை தூரத்தில், செரோக்கீ பர்ப்பிள் பூத்து நிற்கிறது. வியந்து வியந்து நான் படமெடுத்த அந்தப் பூவில்தான் கதவு திறந்து கிடந்தது.

மகரந்தத்தைக் கொண்டுவந்தது யார்? தக்காளிப் பூவில் தேன் கிடையாது. மகரந்தமும் பைக்குள்ளே அடைபட்டு, நுனித் துளை வழியாகத்தான் வெளிவரும். பூவைப் பற்றிக்கொண்டு சிறகுத் தசையை அதிரவைத்து உதிர்க்கத் தெரிந்த தேனீ வகைகளுக்குத்தான் அது கிடைக்கும். பம்பிள்பீ, தச்சுத்தேனீ போன்றவை அதைச் செய்யும். தேன்கூட்டுத் தேனீக்கு அது தெரியாது. உடம்பெல்லாம் கறுத்த தச்சுத்தேனீ பந்தலில் ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்கு ரீங்கரித்துப் போவதை அந்தப் பருவம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். அது வருவதைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, இப்போதும் அப்படித்தான். அது தன் வேலையைச் செய்தது. பூவை மூடி வைத்திருக்க வேண்டியவன் நான்.

ஒரே பழத்தின் 35 நாற்றில் 6 மட்டும் ஏன் மாறின என்ற கேள்வி பலருக்கு எழும். ஒவ்வொரு விதையும் தனித்தனி மகரந்தத் துகளால் உருவாவது. ஒரு பழத்தில் இருக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட விதைக்கும் ஒரே தந்தை இருக்க வேண்டும் என்பதில்லை. பழத்தைப் பார்த்தும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. சதையும் தோலும் தாயின் உடம்பு. கலப்பு விதைக்குள்ளே மட்டும் இருக்கும். அந்த 640 கிராம் பழம் நிறத்திலும் சுவையிலும் அப்பழுக்கற்ற பிராண்டிவைன்தான்.

இரண்டாம் பருவம்

ஓரத்தில் நட்ட இரண்டு ரம்பப் பல் செடிகளும் மற்றவற்றைவிட வேகமாக வளர்ந்தன. பழம் பழுத்தபோது ரோஜா நிறம், 300 கிராமை ஒட்டிய எடை. கருஞ்சிவப்பு இல்லை. எனவே விதை கலப்படம் என்ற ஐயம் நீங்கியது. யெல்லோ பியர் தந்தையாக இருக்க முடியுமா? சிறிய பழமும் பெரிய பழமும் கலந்தால் பிள்ளையின் பழம் சிறியதன் பக்கமே சாயும். 300 கிராம் வராது. மிச்சம் செரோக்கீ பர்ப்பிள்.

நிறமும் அதற்கு ஒத்துவந்தது. ரோஜா நிறத் தக்காளியின் சதை சிவப்புதான். மேல்தோலில் நிறம் இல்லாததால் ரோஜாவாகத் தெரிகிறது. சாதாரணச் சிவப்புத் தக்காளிக்கு மேல்தோல் மஞ்சள். பழத்தை வெந்நீரில் முக்கி எடுத்து, உரித்த தோலை வெளிச்சத்தில் பிடித்தால் இது தெரிந்துவிடும். நிறமற்ற தோல் ஓர் ஒடுங்கு பண்பு. இரு பெற்றோரிடமும் இருந்து வர வேண்டும். செரோக்கீ பர்ப்பிளின் தோலும் நிறமற்றதுதான். அதன் கருமை வேறொன்றால் வருகிறது: பழுத்த பிறகும் சதையில் பச்சையம் அழியாமல் தங்கிவிடும், சிவப்போடு சேர்ந்து இருண்டு தெரியும். அதுவும் ஒடுங்கு பண்பு. எனவே முதல் தலைமுறையில் கருமை மறைந்து, ரோஜா நிறமும் ரம்பப் பல் இலையும் மட்டும் வரும். என் இரண்டு செடிகளும் அப்படியே இருந்தன.

இங்கேதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. பிராண்டிவைனில் நடந்த கலப்பு இலையில் தெரிந்தது. பந்தலில் இருந்த உருளை இலை ரகம் அது ஒன்றே என்பதால், ரம்பப் பல் இல்லாத 29 நாற்றும் தூயவை என்று நம்பலாம். ஆனால் அதே பருவத்தில் செரோக்கீ பர்ப்பிளிலிருந்தும் விதை எடுத்து வைத்திருந்தேன். அதில் பிராண்டிவைன் மகரந்தம் விழுந்திருந்தால்? பிள்ளைக்கும் ரம்பப் பல், தாய்க்கும் ரம்பப் பல். நாற்றில் எந்த அடையாளமும் இருக்காது. நான்கு மாதம் வளர்த்துப் பழம் ரோஜாவாகப் பழுக்கும் நாளில்தான் தெரியும். பிராண்டிவைனோடு உருளை இலை ரகம் இன்னொன்றை நட்டிருந்தால், இந்த வழக்கே எழுந்திருக்காது. கலப்பு கலப்பாகவே பல கைகளுக்குப் போயிருக்கும். எத்தனை வீட்டு உறைகளில் அப்படிப் பெயர் ஒன்றும் விதை ஒன்றுமாக இருக்கின்றனவோ என்று நினைக்கிறேன். அந்தச் செரோக்கீ பர்ப்பிள் உறையின் மேல் “சோதிக்காதது, யாருக்கும் தர வேண்டாம்” என்று எழுதி வைத்திருக்கிறேன்.

இரண்டாம் பருவத்தில் விதைக்கான பூக்களை மொட்டிலேயே மூடினேன். முதல் பூங்கொத்தையும் ஒட்டுப் பூக்களையும் விட்டுவிட்டு, இரண்டாம் மூன்றாம் கொத்தில் மறுநாள் விரியப்போகும் மொட்டுகளைத் தேர்ந்து, மெல்லிய வலைத்துணிப் பை போட்டு வாயைக் கட்டினேன். காற்று உள்ளே போகும், தேனீ போகாது. காலையில் வெயில் ஏறிய பிறகு பையோடு சேர்த்து மெல்லத் தட்டிவிடுவேன், மகரந்தம் உள்ளே உதிர்வதற்காக. கடலை அளவுக்குக் காய் பிடித்ததும் பையைக் கழற்றி, காம்பில் சிவப்பு நூல் கட்டினேன். பறிக்கும் நாளில் நூல் இருந்தால் விதைக்கு, இல்லாவிட்டால் சமையலுக்கு. பதினொரு பையில் ஏழில் காய் பிடித்தது. வெயில் அடித்த வாரத்தில் கட்டிய நான்கும் வெறும் பையாயின. பை கட்டுவதற்கும் வானிலை பார்க்க வேண்டும் என்பதை அப்படிக் கற்றேன்.

அந்த ஏழில் நான்கு பழத்தின் விதையை, பழத்துக்கு 12 வீதம் மூன்றாம் பருவத்தில் விதைத்துப் பார்த்தேன். 44 முளைத்தன. நாற்பத்து நான்கும் உருளை இலை.

கொடுத்த விதை

இதற்கெல்லாம் முன்பே, ரம்பப் பல் உறுதியான வாரத்திலேயே, விதை வாங்கிய இருவரையும் அழைத்துச் சொல்லிவிட்டேன். ஒருவர் இன்னும் விதைக்கவில்லை. இன்னொருவர் என்னைவிட மூத்தவர், நான் அக்கா என்று அழைப்பவர். மூன்று செடி நட்டு வளர்த்துக்கொண்டிருந்தார். ஆறில் ஒன்று தவறும் என்ற கணக்கில், மூன்றும் சரியானவையாக இருக்கவும் வாய்ப்பு உண்டு.

“இலை ஓரத்துல பல்லு மாதிரி இருக்கா பாருங்கக்கா.”

சிறிது நேரம் சத்தமில்லை. செடிப் பக்கம் நடந்து போகிற காலடி கேட்டது.

“ரெண்டுல இல்ல. ஒண்ணுல இருக்கு தம்பி. நல்லா செழிப்பா வந்திருக்கு. பிடுங்கிடவா?”

பிடுங்க வேண்டாம் என்றேன். பழம் நன்றாகவே இருக்கும். அதிலிருந்து விதை எடுத்து அந்தப் பெயரில் யாருக்கும் தர வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அவர் அன்றே அந்தச் செடியின் கொம்பில் ஒரு துணிப்பட்டை கட்டிவிட்டதாகச் சொன்னார்.

என் இரண்டு கலப்புச் செடிகளிலிருந்தும் பை கட்டி விதை எடுத்திருக்கிறேன். அடுத்த தலைமுறையில் பண்புகள் பிரியும்: நான்கில் ஒன்று உருளை இலை, நான்கில் ஒன்று கரும்பழம். இரண்டு மரபணுக்களும் வெவ்வேறு குரோமோசோமில் இருப்பதால் இரண்டும் சேர்ந்து அமைவது பதினாறில் ஒன்றாக இருக்கும். உருளை இலையில் கரும்பழம். நாற்றிலேயே உருளை இலையை மட்டும் பொறுக்கி எடுத்தால், அதில் நான்கில் ஒன்று கரும்பழமாக அமைய வாய்ப்பு. இடம் கிடைக்கும் பருவத்தில் எட்டுச் செடி வளர்த்துப் பார்க்க எண்ணம். அதற்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை. உறையில் இரு பெற்றோர் பெயரும் ஆண்டும் மட்டும் இருக்கிறது.

அக்காவுக்கும் மற்றவருக்கும் மூன்றாம் பருவ நாற்றுகளைப் பார்த்த பிறகு புதிய உறை அனுப்பினேன். இந்த முறை உறையின் மேல் நான்கு வரிகள்: பிராண்டிவைன். உருளை இலை. பை கட்டிய பூ, மூன்றாம் பூங்கொத்து. 12 விதைத்து 11 முளைத்ததில் பதினொன்றும் உருளை இலை.